காற்றுக்கு வழி சமைத்தவர்: ஹஸன் ஃபத்ஹியின் வாழ்க்கை

கோடம்பாக்கம் என்னும் பெயர், ஆர்க்காட்டு நவாபின் குதிரைகள் மேய்ந்த தோட்டத்தைக் குறிக்கும் கோடா பாக் என்னும் தொடரின் திரிபு என்று கூறுவோர் உளர். பாக்கம் என்பது நெய்தல் நிலத்து ஊர்ப்பெயர்களுக்கு உரிய ஈறு ஆதலின், அவ்விளக்கத்தை ஏற்கத் தயங்குவோரும் உளர். தோட்டம் இருந்ததோ இல்லையோ, இன்று அங்கு இருப்பவை காங்கிரீட் தளங்களே. அவற்றுள் ஒன்றில், மொட்டை மாடிக்கு நேர் கீழே அமைந்த வீட்டில் நான் குடியிருக்கிறேன். கத்திரி வெயிற் காலத்தில் இரவு 11 மணிக்குச் சுவரில் கை வைத்தாலும் சுடும். பகலெல்லாம் கதிரவனிடம் வாங்கிய வெப்பத்தைத் தளம் இரவெல்லாம் எங்கள் மீது இறக்கி வைக்கும். மின்விசிறி அந்த வெப்பத்தையே சுழற்றித் தரும். வயது முதிர்ந்த என் தாயார், தாம் பிறந்து வளர்ந்த ஓட்டு வீட்டின் முற்றத்தை அவ்வேளைகளில் நினைவுகூர்வார். குளிர்சாதனப் பெட்டி வாங்கிய பிறகும் அவர் பேச்சு மாறவில்லை. மின் கட்டணம் மட்டும் மாறிற்று.

அத்தகைய இரவு ஒன்றில்தான் எகிப்து நாட்டுக் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹியின் நூலொன்றை முதன்முதலாகப் படித்தேன். தமிழ் கற்பிப்பவனுக்குக் கட்டடக்கலையில் என்ன வேலை என்று மாணவர்கள் வினவக்கூடும். சிலப்பதிகாரத்தில் பயின்றுவரும் காலதர் என்னும் சொல்லை வகுப்பில் விளக்க நேரும்போது, கால் என்பது காற்று, அதர் என்பது வழி, எனவே காலதர் என்பது காற்றின் வழி என்று சொல்லிக் கடந்து விடுகிறோம். அதே காப்பியத்தில் வேனிற் காலத்துக்கு ஒரு பள்ளியும் கூதிர்க் காலத்துக்கு ஒரு பள்ளியும் தனித்தனியே பேசப்படுவதையும் உரையாசிரியர் துணைகொண்டு சொல்லிக் கடந்து விடுகிறோம். ஒரு சமுதாயம் தன் வீட்டுச் சாளரத்துக்குக் காற்றின் வழி என்று பெயரிட்டது ஏன் என்று நான் எண்ணிப் பார்த்தது ஃபத்ஹியைப் படித்த பின்னரே.

ஹஸன் ஃபத்ஹி 1900 ஆம் ஆண்டு மார்ச் 23 ஆம் நாள் அலெக்சாந்திரியா நகரில் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையாருக்கு நாட்டுப்புறத்தில் நிலபுலன்கள் இருந்தன. ஆயினும் அவர் அப்பக்கம் தலைவைத்தும் படுத்தாரல்லர். ஈயும் கொசுவும் மலிந்த இடம், பிள்ளைகள் செல்லத் தகாத இடம் என்பதே அவர் கருத்து. தாயாரோ இளமையைச் சிற்றூரில் கழித்தவர். ஆட்டுக்குட்டிகளையும் வாய்க்கால்களையும் பற்றி அவர் சொன்ன கதைகளைக் கேட்டே சிறுவர் ஹஸன் வளர்ந்தார். தந்தையின் அருவருப்பும் தாயின் ஏக்கமும் ஒரே வீட்டில் இருந்தன. மகன் தாயின் பக்கம் சாய்ந்தார்.

உழவுத் தொழிலைக் கற்க வேண்டும் என்பதே அவருடைய முதல் விருப்பம். வேளாண்மைக் கல்லூரியின் நேர்முகத் தேர்வுக்குச் சென்றார். சோளம் விளைய எத்தனை நாள் ஆகும் என்பது போன்ற எளிய வினாக்களுக்கும் அவருக்கு விடை தெரியவில்லை. உழவைப் பற்றி அவர் அறிந்தது தாயாரின் கதைகள் மட்டுமே. அக்கல்லூரி அவரை ஏற்கவில்லை. கட்டடக்கலை பயின்று 1926 இல் பட்டம் பெற்றார். அன்று அவருக்கு இடம் மறுத்த தேர்வாளர்களுக்கு எகிப்தின் உழவர் கடன்பட்டுள்ளனர் என்றே சொல்லத் தோன்றுகிறது. குடும்ப நிலத்தை அவர் முதன்முதலில் நேரிற் கண்டபோது அவருக்கு வயது 27. அங்கே கண்டது கதையில் வந்த சிற்றூர் அன்று. இடிந்த குடிசைகளும் நோயும் வறுமையுமே. அக்காட்சி அவரை விட்டு நீங்கவே இல்லை.

1930 முதல் கெய்ரோ நுண்கலைக் கல்லூரியில் ஆசிரியராய்ப் பணியாற்றினார். அக்காலத்தில் படித்த கட்டடக் கலைஞர் எல்லாரும் ஐரோப்பாவை நோக்கியே நின்றனர். காங்கிரீட்டும் எஃகும் கண்ணாடியும் முன்னேற்றத்தின் அடையாளங்களாகக் கருதப்பட்டன. களிமண்ணும் வைக்கோலும் கலந்து வெயிலில் உலர்த்திய பச்சைக்கல் வறுமையின் அடையாளமாயிற்று. ஃபத்ஹி அதனை வேறு கண்கொண்டு நோக்கினார். எகிப்திய உழவன் காலடியில் மண் இருக்கிறது, அதற்கு விலையில்லை, அதனைக் கொண்டே அவன் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வீடு கட்டியிருக்கிறான். இடர் ஒன்றுதான். சுவரை மண்ணால் எழுப்பலாம், கூரைக்கு மரம் வேண்டும். எகிப்தில் மரம் அரிது. இரண்டாம் உலகப் போர் மூண்டதும் மரமும் எஃகும் அறவே கிடைக்காமற் போயின. மண்ணாலேயே வளைகூரை அமைக்க முயன்றார். தாங்குசட்டம் இன்றிக் கட்டிய கூரைகள் இடிந்து விழுந்தன.

அப்போது அசுவான் பகுதியில் அரசுப் பணியில் இருந்த அவருடைய தமையனார், அங்குள்ள நூபியர் சட்டம் எதுவும் இன்றியே மண்கூரை வளைப்பதாக ஒரு சொல் சொன்னார். 1941 இல் ஃபத்ஹி மாணவர்களுடன் அசுவானுக்குச் சென்றார். நைல் ஆற்றின் மேற்குக் கரையில் கர்ப் அசுவான் என்னும் சிற்றூரில் அவர் தேடியது கண்முன்னே நின்றது. வீடு தோறும் வளைகூரை. வெள்ளையடித்த தூய சுவர்கள். வாயில் தோறும் ஓவியம். வரும் வழியில், லக்சருக்கு எதிர்க்கரையில், ராமசேயம் என்னும் கோவிலை ஒட்டிய களஞ்சியங்களையும் பார்த்தார். அவையும் மண்ணால் வளைக்கப்பட்ட கூரைகளே. கட்டி 3000 ஆண்டுகளுக்கு மேலாகியும் நின்று கொண்டிருந்தன.

நூபியக் கொத்தனார் கூரை வளைக்கும் முறை அறியத்தக்கது. அறையின் பின்சுவரை மட்டும் பக்கச் சுவர்களை விட உயர்த்திக் கட்டுவர். அதன் மீது மண் குழம்பால் வளைவின் வடிவைக் கண்ணளவிலேயே தீட்டுவர். முதல் வரிசைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தாது, அப்பின்சுவரின் மேல் சாய்த்து ஒட்டுவர். அடுத்தடுத்த வரிசைகள் முன்வரிசையின் மேல் சாயும். சாய்ந்திருப்பதால் கல் நழுவாது. ஆதலால் கீழிருந்து தாங்கச் சட்டமும் வேண்டா. கூரைக்குரிய கல்லில் வைக்கோல் மிகுதி. எனவே எடை குறைவு. ஈரமாயிருக்கும்போதே விரலால் அதன் முகத்தில் கோடுகள் கீறி விடுவர். அக்கோடுகள் குழம்பைப் பற்றிக்கொள்ளும். கருவி என்று பார்த்தால் ஒரு வாய்ச்சி மட்டுமே. அவர்களுள் எவரும் பொறியியல் கற்றவரல்லர். ஆயினும் அவ்வளைவின் வடிவம் பொறியியலார் கணக்கிட்டுக் காட்டும் வடிவோடு பெரிதும் ஒத்திருந்தது. அப்பேராசிரியர் அக்கொத்தனார்களுக்கு மாணவரானார். அவர்களை வடக்கே அழைத்து வந்து தம் கட்டடங்களைக் கட்டுவித்தார்.

இதன் பயனாக அமைந்ததே அவருடைய புகழுக்கும் துயருக்கும் ஒருசேரக் காரணமான புதிய குர்னா. லக்சரின் மேற்குக் கரையில், பண்டை எகிப்தின் பெருமக்கள் கல்லறைகளின் மேலேயே குர்னா என்னும் ஊர் அமைந்திருந்தது. ஊரார் சிலருக்குக் கல்லறைப் பொருள்களைத் தோண்டி விற்பது பரம்பரைத் தொழில். பாறையில் செதுக்கிய சிற்பப் பகுதி ஒன்று முழுமையாகவே பெயர்த்து எடுக்கப்பட்டதும் அரசு விழித்துக் கொண்டது. ஏறத்தாழ 7000 மக்களையும் அங்கிருந்து அகற்றி வேறிடத்தில் குடியேற்ற முடிவு செய்தது. புதிய ஊரைக் கட்டும் பொறுப்பு 1945 இல் ஃபத்ஹியிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஒரே வரைபடத்தை எடுத்து நூற்றுக்கணக்கான வீடுகளை அச்சிட்டாற்போல் அடுக்குவதை அவர் மறுத்தார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் தேவைக்கேற்ற வீடு என்பது அவர் கொள்கை. உறவினர் வீடுகள் பொது முற்றம் ஒன்றைச் சூழ அமைந்தன. பள்ளிவாசல், சந்தை, நாடக அரங்கு, பள்ளிக்கூடம், கைவினைஞர் விடுதி எல்லாம் மண்ணால் எழுந்தன. ஊரில் இருந்த இளைஞர்க்கே நூபியர் கூரை வளைக்கக் கற்றுக் கொடுத்தனர்.

பாலைவனத்து வெப்பத்தை மின்சாரமின்றி ஆளும் பழைய அரபு முறைகளை அவர் மீட்டது இங்கேதான். அவற்றுள் முதன்மையானது மல்கஃப் என்னும் காற்றுக்கோபுரம். கூரைக்கு மேலே உயர்ந்து, காற்று வீசும் வடதிசையை நோக்கி வாய் திறந்து நிற்கும் புகைபோக்கி போன்ற அமைப்பு இது. தெருவில் புழுதியும் வெப்பமும் இருக்கும்போது மேலே தூய காற்று வீசும். அதனை இது பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கும். குர்னாப் பள்ளிக்கூடத்தின் மல்கஃபினுள் சாய்வாக ஓர் உலோகத் தட்டில் கரியைப் பரப்பி நீரால் நனைத்து வைத்தார். ஈரக்கரியின் ஊடே இறங்கிய காற்று 10 பாகை செல்சியஸ் அளவு குளிர்ந்தது. மஷ்ரபிய்யா என்னும் மரச்சல்லடைச் சாளரம் மற்றொன்று. பருகுதல் என்னும் பொருளுள்ள வேரிலிருந்து வந்த சொல் இது. குடிநீர்ச் சாடிகளைக் குளிர்விக்க வைத்த இடத்தின் பெயர் பின்னர்ச் சாளரத்துக்கே ஆகி வந்தது. கண்கூசும் ஒளியைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும். உள்ளிருப்பவர் வெளியே காணலாம். வெளியிலிருப்பவர் உள்ளே காணவியலாது. முற்றத்தின் பயனையோ தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இரவில் குளிர்ந்து கனத்த காற்று அங்கே இறங்கித் தங்கி, மறுநாள் முற்பகல் வரை அறைகளுக்குக் குளிர்ச்சி தரும். செட்டிநாட்டு வீடும் காயல்பட்டினத்து வீடும் நூலறிவின்றியே இதனை அறிந்திருந்தன.

புதிய குர்னா முற்றுப்பெறவில்லை. பணம் குறித்த காலத்தில் வரவில்லை. அலுவலகங்களுக்கிடையே கோப்புகள் அலைந்தன. ஊரார்க்கோ கல்லறைகளை விட்டு வரவே மனமில்லை. ஆற்றுநீர் பெருகிய காலத்தில் கரையை வெட்டிப் புதிய ஊருக்குள் வெள்ளம் விட்டவர்களும் உண்டு. 1948 இல் வேலை நின்றது. திட்டமிட்ட ஏறத்தாழ 900 வீடுகளில் ஒரு சிறு பகுதியே கட்டப்பட்டிருந்தது.

தோல்விக்குக் காரணம் அதிகாரிகளும் களவுத் தொழிலும் மட்டுமே என்று ஃபத்ஹியின் அன்பர்கள் கூறுவது எனக்கு முழுதும் உடன்பாடன்று. குவிமாடம் என்பது அப்பகுதி உழவனுக்கு இறைநேசர்களின் அடக்கத்தலத்தை நினைவூட்டுவது. அதன் கீழ் படுத்துறங்க அவன் தயங்கியதில் வியப்பில்லை. நகரத்துச் செல்வர் காங்கிரீட் மாளிகையில் வாழும் காலத்தில் தனக்கு மட்டும் மண்வீடு ஏன் என்று அவன் கேட்டிருந்தால் அதுவும் நேர்மையான வினாவே.

மனம் கசந்த ஃபத்ஹி 1957 இல் நாட்டை விட்டு ஏதென்சு சென்று, டாக்சியாடிசு என்னும் கிரேக்க நகரமைப்பாளரின் நிறுவனத்தில் சில ஆண்டுகள் பணியாற்றினார். பின்னர்த் தாயகம் திரும்பினார். அவ்வாண்டுகளில் ஒரு கொடுமை நிகழ்ந்தது. அசுவான் பேரணையின் நீர் தேங்கும் இடமெல்லாம் நூபியரின் ஊர்களாயிருந்தன. 1963, 1964 ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 50,000 நூபியர் கோம் ஒம்போவுக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். கூரை வளைக்க உலகுக்குக் கற்றுக்கொடுத்த அம்மக்களுக்கு அரசு கொடுத்தவை வரிசை வீடுகள்.

1964 இல் கெய்ரோ கட்டட ஆய்வு மையத்தில் மாதிரி அறைகள் எழுப்பப்பட்டன. ஒன்று 50 சென்டிமீட்டர் கனமுள்ள மண்சுவரும் மண் வளைகூரையும் கொண்டது. மற்றொன்று 10 சென்டிமீட்டர் கனமுள்ள காங்கிரீட் பலகைகளால் ஆனது. மார்ச் மாதத்தில் ஒருநாள் முழுவதும் வெப்பம் அளக்கப்பட்டது. மண்ணறையில் அது 21க்கும் 23க்கும் இடையிலேயே நின்றது. காங்கிரீட் அறையில் 36 பாகைக்கு ஏறிற்று; வெளிக்காற்றை விடவும் 9 பாகை மிகுதி. வீட்டுக்குள் இருப்பதைவிட மர நிழலில் இருப்பது மேல் என்று பொருள். என் வீட்டுச் சுவர் ஏன் சுடுகிறது என்பதற்கு விடை இவ்வெண்களில் எனக்குக் கிடைத்தது.

கார்கா பாலைவனச் சோலையில் பாரிஸ் என்னும் புதிய ஊரைக் கட்ட 1965 இல் தொடங்கினார். அங்கே சந்தைக் கட்டடத்தில் காய்கனிகளைக் குளிர்பெட்டியின்றிக் காக்க நிலத்தடி அறைகளும் அவற்றுக்குக் காற்றிறக்கும் மல்கஃப்களும் அமைத்தார். 1967 இல் போர் மூண்டது, வேலை நின்றது. அதன் பிறகு அவ்வூரில் எவரும் குடியேறவில்லை.

இருமுறை ஊர் கட்டி இருமுறையும் இழந்தவர் என்ன செய்வார்? ஃபத்ஹி நூல் எழுதினார். குர்னாவின் கதை 1969 இல் கெய்ரோவில் சிறு எண்ணிக்கையில் வெளியாயிற்று. அடுத்த ஆண்டு பிரெஞ்சு மொழியிலும், 1973 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் வழி ஆங்கிலத்திலும் வந்து உலகெங்கும் பரவிற்று. இந்நூலின் தலைப்புகளில் இலக்கண மாணவர் சுவைக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அது ஏழைகளுக்குக் கட்டடக்கலை. நான்காம் வேற்றுமை, கொடைப்பொருள். பிரெஞ்சில் மக்களொடு கட்டுதல். மூன்றாம் வேற்றுமை, உடனிகழ்ச்சி. அரபுப் பதிப்பில் ஏழைகளது கட்டடக்கலை; ஆறாம் வேற்றுமை, உடைமை. அவர் வாழ்நாள் முழுதும் பாடுபட்டது ஆறாம் வேற்றுமைக்கு. குர்னாவில் அவருக்கு வாய்த்தது நான்காம் வேற்றுமை மட்டுமே என்பது என் கருத்து.

புகழ் முதுமையில் வந்தது. 1980 இல் ஆகா கான் கட்டடக்கலை விருதுக் குழுவின் தலைவர் விருதும், சுவீடன் நாட்டில் வழங்கப்படும் நல்வாழ்வுரிமை விருதும் ஒரே ஆண்டில் கிட்டின. அவ்வாண்டே, 80 வயதில், நூபியக் கொத்தனார் இருவருடன் அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ பாலைக்குச் சென்று தாருல் இஸ்லாம் பள்ளிவாசலுக்கு மண்கூரை வளைத்தார். இயற்கை ஆற்றலையும் மரபுக் கட்டடக்கலையையும் பற்றிய நூல் 1986 இல் வெளிவந்தது. கெய்ரோக் கோட்டையின் அருகே பழைய மாளிகை ஒன்றின் மேற்றளத்தில், பூனைகளும் வயலினும் துணையாக வாழ்ந்த அவர் 1989 நவம்பர் 30 ஆம் நாள் மறைந்தார்.

அவர் முறைகளை அப்படியே சென்னைக்குக் கொண்டுவர எண்ணுவது பிழை. பாலையில் பகல் கொதித்தாலும் இரவு குளிரும். அதனால் கனத்த மண்சுவர் இரவின் குளிர்ச்சியைப் பகலுக்குச் சேமிக்கிறது. சென்னையில் இரவும் புழுங்கும். நனைந்த கரி வறண்ட காற்றைக் குளிர்விக்கும். கடற்காற்றில் முன்னமே ஈரம் நிறைந்திருப்பதால் இங்கு அது பெரும்பயன் தராது. நமக்கு வேண்டுவன நிழலும், பிற்பகலில் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றுக்குத் திறந்த வழியும், வெப்பம் ஏறாத கூரையுமே. தேக்கு விட்டங்களின் மேல் சிறு செங்கற்களைச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்த மெட்ராஸ் டெரஸ் என்னும் தளத்தை இந்நகரமே உலகுக்குத் தந்தது. காங்கிரீட் வந்த பின்னரும் அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து திமிசு போட்டுத் தட்டோடு பதிப்பது வழக்கமாயிருந்தது. செலவைச் சுருக்கும் அவசரத்தில் அதுவும் பல கட்டடங்களில் கைவிடப்பட்டது. எங்கள் கட்டடமும் அவற்றுள் ஒன்று. 2003 மே 31 ஆம் நாள் சென்னையில் வெப்பம் 45 பாகையைத் தொட்டதை நினைவிற் கொண்டு பார்த்தால், அச்சிக்கனத்தின் விலை எத்துணை என்பது புலப்படும்.

பழைய குர்னா மக்கள் 2006க்குப் பிறகு ஒருவாறு அகற்றப்பட்டு, அரசு வேறோரிடத்தில் கட்டிய குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டனர். புதிய குர்னாவிலோ, குடியேறிய சில குடும்பங்கள் பெருகின. நிலத்தடி நீரும் உப்பும் மண்சுவரை அரித்தன. மகனுக்குத் திருமணம் ஆனால் மேலே ஒரு தளம் வேண்டும். குவிமாடத்தின் மேல் தளம் எழுப்ப இயலாது. ஆதலால் பல வீடுகளில் மண் இடிக்கப்பட்டுக் காங்கிரீட் ஏறிற்று. எஞ்சியவற்றைக் காக்க வேண்டுமென உலக நினைவுச்சின்ன நிதியம் அவ்வூரை 2010 ஆம் ஆண்டுக்கான தன் பட்டியலில் சேர்த்தது.

வரும் கத்திரிக்கு முன் எங்கள் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு வெள்ளையேனும் அடித்துவிட வேண்டுமென்று கட்டடத்தில் குடியிருக்கும் மற்றவர்களிடம் இசைவு கேட்டிருக்கிறேன். மூவர் இசைந்தனர். நான்காமவர் இன்னும் விடை கூறவில்லை. அவர் மகனுக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது; மாடியில் ஓர் அறை எழுப்பலாமா என்று அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார்.